குளுந்துருச்சு

மரியபுஷ்பம் சாம்பார் சாதப் பொட்டலத்தைப் பிரித்து முதல் வாயை எடுத்து வைத்தபோதே மனசுக்குள் எதுவோ இடறியது. எதையோ விட்டுவிட்டு வந்திருக்கிறோம். என்னது அது? நேற்றுச் சாயங்காலம் வீட்டிலிருந்து கிளம்பும்போது கேஸை அடைத்தோமா? அடைத்தாச்சு. அடைத்துவிட்டு, வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் திருகிப் பார்த்தது கைக்கு ஞாபகம் இருக்கிறது. மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போகும்படி அவள் அப்பாவிடம் சொன்னோமா? சொன்னோம், அவர் தலையை ஆட்டினார், அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்பது கல்யாணமான நாளிலிருந்து விளங்கினதில்லை. அதுவும் இல்லை. அப்புறம் என்ன எழவு இது, வாயில் சோறு இருக்கிறது, மெல்லத் தோன்றவில்லை. ராத்திரி டூட்டி முடிந்து காலையிலேயே வீட்டுக்குப் போய்க் கட்டையைச் சாய்த்திருக்க வேண்டியவள் அவள். பகல் டூட்டிக்காரிக்கு அம்மை போட்டிருக்கிறதாம், இன்னைக்கு ஒருநாள் நீயே தொடர்ந்து பாத்துக்கோ புஷ்பம் என்று மேட்ரன் குழைந்ததும், சரிங்க மேடம் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. இந்த வாய்க்கு என்றைக்காவது சூடு வைக்க வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் கழன்று விழுகிறது, கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்துகிறது, நாக்கில் சாம்பார் உப்பா புளிப்பா என்று தெரியவில்லை. ஐ.சி.யூ.வை ஒட்டின இந்தச் சின்ன அறையில் சலைன் பெட்டிகளுக்கு நடுவே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சாப்பாட்டு அறை என்று போர்டும் மாட்டிவிட்டார்கள், மதுரையில் இதைவிடப் பெரிய கோழிக்கூடெல்லாம் இருக்கிறது. போகட்டும். ஒரு தண்ணீர் காய்ச்சுகிற கெட்டில் வைத்திருக்கிறார்கள், அதற்காகவாவது மேனேஜ்மென்டை வாழ்த்த வேண்டும். என்னமோ விட்டுப்போச்சு. என்ன விட்டுப்போச்சு?

உள்ளே எல்லாம் சரியாகத்தானே இருந்தது. அழகுமீனா, பாவம், இருபத்திரண்டு வயசுதான், உசிலம்பட்டிப் பக்கம். கொழுந்தன் கல்யாணத்துக்குக் கையும் காலும் மருதாணி வைத்துக்கொண்டு பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தவளுக்குக் காய்ச்சல், காய்ச்சலுக்குப் பின்னால் மூச்சு முட்டல், வைரஸ் போய் இதயத்தின் தசையிலேயே உட்கார்ந்துவிட்டது. இப்போது அவள் இதயம் சும்மா பேருக்கு அசைகிறது. வேலை முழுக்க எக்மோ மெஷினுடையது. உடம்பிலிருந்து கறுத்த ரத்தத்தை உறிஞ்சி, ஆக்சிஜன் ஏற்றி, சிவந்த ரத்தமாக வலது தொடையின் தமனிக்குள் ஒரு தடித்த குழாய் வழியாகத் திருப்பித் தள்ளுகிறது. இதயம் தேறுகிறவரைக்கும் ஒரு வாரமோ பத்து நாளோ இப்படி ஓட்ட வேண்டும், தேறிவிடும் என்றுதான் டாக்டர் ரியாஸ் சொல்கிறார், அவர் லேசில் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அந்தத் தடிக்குழாய் இருக்கிறதே, அது தமனியையே அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். மேலே தலைக்கும் ஈரலுக்கும் ரத்தம் போகும், கீழே காலுக்குப் போகாது. உயிரைக் காப்பாற்றப் போட்ட குழாயே காலைத் தின்றுவிடும். அதற்காகத்தான் அதிலிருந்தே கிளை பிரித்து, கீழ்ப்பக்கமாகப் பார்த்து ஒரு சின்னக் குழாய் போட்டிருக்கிறார்கள், காலுக்கென்று தனிக் கஞ்சி ஊற்றுகிற மாதிரி. கால் லைன் என்று இவர்கள் சொல்வது அதைத்தான். ஒரு பென்சில் தடிமன்கூட இருக்காது, அதில்தான் ஒரு காலே தொங்குகிறது. மணிக்கொருதரம் அதன் மேல் கண்ணை ஓட்ட வேண்டும், மடங்கியிருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்று. பாதத்தைத் தொட வேண்டும், இடது காலையும் தொட்டு ஒத்துப்பார்க்க வேண்டும். கெண்டைக்காலை அமுக்கிப் பார்க்க வேண்டும், இறுகியிருந்தால் ஆபத்து. பாதத்தின் மேலே பேனாவால் போட்டிருக்கிற பெருக்கல் குறியில் டாப்ளர் முனையை வைத்து, அதன் பெட்டியில் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கென்றால் லப்பு லப்பு என்று கேட்கும். இவளுக்குத் துடிப்பே இல்லாமல் மெஷின் தள்ளுகிற ரத்தம் என்பதால், ஊர்ப்பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டில் காற்று அடிக்கிற மாதிரி ஒரே நீட்டாக ஊ என்று போகும். நகத்தை அமுக்கி விட்டால் வெளுத்துச் சிவக்கிறதா என்றும் பார்க்கச் சொல்வார்கள். எங்கே பார்ப்பது, பத்து விரலுக்கும் தொப்பி போட்டது மாதிரி மருதாணி, உள்ளங்காலெல்லாம் செக்கச்செவேல். கோன் மருதாணியாக இருந்திருந்தாலாவது நாலு நாளில் போயிருக்கும், இது அரைத்துப் பூசியது, பிணத்தோடுதான் போகும். சே, என்ன வார்த்தை இது, நாக்கை அறுக்க. எல்லாம் பார்த்தோம், நிறத்தை விட்டுவிட்டுச் சூட்டை வைத்துப் பார்த்தோம், வெதுவெதுப்பாக இருந்தது, காற்றுச் சத்தம் கேட்டது, எழுதினோம். அதற்கப்புறம்தான் பார்வையாளர் நேரம் வந்தது.

பார்வையாளர் நேரம் என்றதும் ஒச்சம்மா முகம் வந்து நிற்கிறது. மீனாவின் அம்மா. காதில் தண்டட்டி இழுத்த நீளமான துளை இல்லை, அந்தக் காலத்து ஆள் இல்லை, நாற்பத்தைந்து இருக்கும், ஆனால் ஒரு வாரமாக வராந்தாத் தரையில் கிடந்து கிடந்து அறுபது ஆகிவிட்டது. மகளின் மெட்டியை ஒரு சின்னப் பர்ஸில் போட்டு இடுப்பில் செருகி வைத்திருக்கிறாள். கால் வீங்கினால் விரலை வெட்டும் என்று புஷ்பம்தான் சோப்புப் போட்டு அதைக் கழற்றிக் கொடுத்தது, கழற்றின அன்றைக்கு அந்த அம்மா பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ இவள் தாலியை அறுத்துவிட்ட மாதிரி. இன்றைக்கு உள்ளே வந்தவள் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏந்தாயி, ஒரு பொம்பளப் பிள்ளைய இப்பிடியா தொடை தெரியப் போட்டு வைப்பீக? அவ மாமனாரு கண்ணாடிக்கிட்ட வந்து பாக்கணும்ங்காரு" என்றாள். கால் திறந்துதான் இருக்கணும்மா, நாங்க பாத்துக்கிட்டே இருக்கணும்ல என்று புஷ்பம் எத்தனையோ தரம் சொன்னதுதான். ஆனால் வெளியே வெள்ளை வேட்டியும் துண்டுமாக அந்த மனுஷர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார், நிமிரவே மாட்டேன் என்கிறார். இந்தப் பிள்ளை நாளைக்கு எழுந்து அதே வீட்டில்தானே போய் வாழ வேண்டும். சரி, அஞ்சு நிமிஷம்தானே, போர்த்திக்கோங்க என்றாள். ஒச்சம்மா போர்வையை இழுத்து இரண்டு காலையும் மூடி, பச்சைப்பிள்ளையைச் சுற்றுகிற மாதிரி ஓரத்தையெல்லாம் தொடைக்கடியில் மெத்தைக்கடியில் என்று இறுக்கிச் செருகினாள். மாமனார் நிமிர்ந்து பார்த்தார், கும்பிட்டார், போய்விட்டார். பார்வையாளர் நேரம் முடிகிற சமயம் அந்த அம்மா போர்வையின் கால்மாட்டில் கையை விட்டு மகள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். முகம் மலர்ந்தது. இந்த ஒரு வாரத்தில் அந்த முகம் அப்படி மலர்ந்து புஷ்பம் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்ததும் இவளுக்கும் என்னவோ போல் ஆகி, நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிட்டாள். அதற்குள் சுபா, சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிவிட வந்த நர்ஸ், அக்கா நீங்க போய்ச் சாப்பிடுங்க, மூஞ்சியப் பாத்தா பயமா இருக்கு என்றாள். எல்லாம் நல்லா இருக்கு, கால் நல்லா இருக்கு என்று சுபாவிடமும் சொன்னாள். அந்த நல்லா இருக்கு யாருடைய நல்லா இருக்கு? ஒச்சம்மா என்னமோ சொன்னாளே, அதற்குத்தானே இவள் தலையாட்டினது. என்ன சொன்னாள்?

சோறு உள்ளே இறங்கவில்லை. தண்ணீரைக் குடித்தாள். கண் மூடிக்கொண்டு போகிறது, மூடினால் அவ்வளவுதான், இந்த நாற்காலியிலேயே தூங்கி விழுந்துவிடுவாள். கீழே தன் காலைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் செருப்பு, இரண்டும் ஒரே மாதிரித் தேய்ந்திருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரித் தேய்வது என்ன ஒரு பாக்கியம். அப்பாவுடைய கட்டிலுக்கடியில் வலது கால் செருப்புகள் மட்டும் புதுசு குலையாமல் வரிசையாகக் கிடக்கும். ஒற்றைச் செருப்பு எந்தக் கடையில் விற்கிறான், ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், இடது தேய்ந்து போகும், வலது அப்படியே இருக்கும். அம்மா தூக்கிப் போடப் போனால் விடமாட்டார். "கால் போனதுக்குச் செருப்பு என்ன பாவம் பண்ணிச்சு, கெடக்கட்டும்" என்பார். வெட்டி எடுத்த காலைத் தூத்துக்குடி கல்லறைத் தோட்டத்தில்தான் புதைத்தார்கள், ஃபாதர் வந்து ஒரு சின்ன ஜெபம்கூடச் சொன்னார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நான் பாதி முன்னாடியே போயி எடம் புடிச்சுப் போட்டாச்சு, மிச்சம் சாவகாசமா வரும்" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். அம்மா அடுக்களைக்குள் போய்விடுவாள். உப்பளத்தில் வேலை பார்த்த கால் அது. கோடையில் பாத்திக்குள் நின்று உப்பு வாரினால் யார் காலும்தான் எரியும், அதனால் சர்க்கரை எரித்த எரிப்பையும் உப்புக் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்கள். ராத்திரியானால் அப்பா ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், விளக்கெண்ணெய் தடவுவார், மருதாணி இலையைக்கூட அரைத்துப் பூசிப் பார்த்தார், குளிர்ச்சி என்று எவரோ சொல்லி. வருஷக்கணக்காக எரிந்தது. புஷ்பம் எட்டாவது படிக்கிறபோது ஒருநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைகிறபோதே முகம் மலர்ந்திருந்தது. மணி அடித்துக்கொண்டு போன ஐஸ் வண்டியை நிறுத்தி இவளுக்குச் சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தார், அப்பா அப்படிக் கேட்காமல் வாங்கித் தருகிற ஆளே இல்லை. ஏம்ப்பா என்றதற்கு, "எரிச்சல் நின்னுட்டுல்லா புள்ள, காலு ரெண்டும் நல்லா குளுந்துட்டு" என்றார். ஐஸ் கையெல்லாம் வழிந்தது. அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி கொளுத்தினாள். எரிகிறவரைக்கும்தான் அந்தக் காலுக்கு உயிர் இருந்தது என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும், உப்பளத்தில் ஆணி குத்தினதுகூடத் தெரியாமல், விரல் கறுத்து, அப்புறம் பாதம் கறுத்து. அந்த முகம். அப்பா முகம் மலர்ந்தது மாதிரியேதான் இன்றைக்கு ஒச்சம்மா முகமும். போர்வைக்குள் கையை விட்டுக்கொண்டு. என்ன சொன்னாள் அவள், நம்மூர்ப் பேச்சாக இருந்திருந்தால் அப்போதே சுருக்கென்று குத்தியிருக்கும், அவள் அவள் ஊர்ப் பேச்சில் சொன்னாள், சூடெல்லாம் எறங்கிருச்சு தாயி, எம்பிள்ள காலு நல்லா குளுந்துருச்சு என்று.

குளுந்துருச்சு. நம்மூரில் குளுந்துட்டு. யேசுவே. ஒரு வாரம் வீட்டில் காய்ச்சலில் கொதித்த பிள்ளைக்கு ஈரத்துணி போட்டுப் போட்டு அலுத்த தாய், குளுந்தால் நல்லது என்றுதானே நினைப்பாள், வயிறு குளுந்துச்சு மனசு குளுந்துச்சு என்றுதானே நாமெல்லாம் பேசுகிறோம். அவள் சொன்னது சரி. கேட்டுத் தலையாட்டினது யார், பதினாறு வருஷம் ஐ.சி.யூ.வில் கொட்டை போட்ட மகராசி. நாற்காலி பின்னால் விழுந்தது. கையைக் கழுவினாள், குழாய்த் தண்ணீர் சில்லென்று இருந்தது, இந்தக் கையை வைத்து என்னத்தைத் தொட்டுப் பார்ப்பது, சூடாக இருந்த கெட்டிலின் வயிற்றில் இரண்டு உள்ளங்கையையும் சுட்டுக்கொள்கிற அளவுக்கு ஒரு நொடி வைத்து எடுத்துக்கொண்டு நடந்தாள். ஓடக் கூடாது, ஐ.சி.யூ.வில் ஓடினால் கண்ணாடிக்கு வெளியே இருக்கிறவர்கள் செத்துப் பிழைப்பார்கள். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், ரொம்ப நேரம் இல்லை, ஒருவேளை ஒன்றுமே இல்லாமலும் இருக்கும், ஏசிக் குளிரில் யார் பாதமும் கொஞ்சம் சில்லிட்டுத்தான் கிடக்கும், மெஷினே உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்கிறது, நாம்தான் தூக்கக் கலக்கத்தில் அப்பாவை இழுத்துப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சுபா போர்வையின் கால்மாட்டை மட்டும் விரல் தெரியத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "செவப்பா நல்லாதான்க்கா இருக்கு, டாப்ளர் எடுக்கப் போறேன்" என்றாள். செவப்பு மருதாணிடி என்று புஷ்பம் சொன்னாளா நினைத்தாளா தெரியவில்லை. வலது பாதத்தைத் தொட்டாள். இடதைத் தொட்டாள். வலது. மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிக்குள் கை விட்டது போல் இருந்தது. ஒன்றுமில்லாமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்ததெல்லாம் அந்த இடத்திலேயே முடிந்தது.

போர்வையின் செருகலை நூல் நூலாக எடுத்தாள். தொடைக்கடியில் போன மடிப்பு சின்னக் குழாயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய், அது வளைந்து மடங்கிக் கிடந்தது. கை தானாகப் போய் அதை நிமிர்த்தப் பார்த்தது. நில். நிமிர்த்தாதே. ஓடாமல் நின்ற ரத்தம் உள்ளே உறைந்திருந்தால், நிமிர்த்தின அந்த நிமிஷமே கட்டி நேரே காலுக்குள் போய் அடைக்கும், அப்புறம் இப்போது இருக்கிற கொஞ்சநஞ்சமும் போச்சு. மடங்கின இடத்தை மடங்கின மேனிக்கே இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். "சுபா, ரியாஸ் சாரக் கூப்புடு. ஓ.டி.ல இருந்தாலும் கூப்புடு. கால் லைன் மடங்கியிருக்கு, பாதம் சில்லுன்னு இருக்குன்னு மட்டும் சொல்லு." குரல் சாதாரணமாகத்தான் வந்தது, அதில் அவளுக்கே ஆச்சரியம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை, பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. மெஷின் பாட்டுக்கு ஒரே சுதியில் முனகுகிறது, அதற்கென்ன, அது தள்ளுகிறது, போகிற வழி மூடினால் அது என்ன செய்யும். சுபா டாப்ளர் முனையைப் பெருக்கல் குறியில் வைத்தாள். காற்று இல்லை. கொரகொரவென்று பெட்டி இரைகிறது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வச்சுப் பாரு. இல்லை. மீனாவின் முகம் மருந்து மயக்கத்தில் எந்தக் கவலையும் இல்லாமல் இருக்கிறது, வலித்திருந்தாலாவது கத்தியிருப்பாள், மயக்கத்தில் கிடக்கிறவளுக்கு வலியும் துணைக்கு இல்லை, அவள் வலிக்கு நாம்தான் வாய். அந்த வாய் சாம்பார் சாதம் தின்றுகொண்டிருந்தது. நேரமாகிவிட்டால் வீங்கி இறுகுகிற கெண்டைக்காலைக் கீறித் திறந்து விடுவார்கள், அதுவும் ஆகவில்லையென்றால் காலை எடுக்கக் கையெழுத்துக் கேட்பார்கள், ஒச்சம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமோ என்னமோ, உயிரா காலா என்று கேட்டால் எந்தத் தாய் கால் என்று சொல்வாள். பிழைத்து எழுந்து வருகிற பிள்ளை. மெட்டி இரண்டு இருக்கிறது பர்ஸுக்குள். ஒன்றை என்ன செய்வாள்? கட்டிலுக்கடியில் போடுவாளா? அப்பா, நீங்க சும்மா இருங்கப்பா. பிடி நழுவக் கூடாது. தோள்பட்டையில் ஒரு நரம்பு இழுக்கிறது. எத்தனை வருஷமாக எத்தனை காலைத் தொட்டிருக்கிறோம், ஊரில் பெரியவர்கள் காலைத் தொட்டால் ஆசீர்வாதம் கிடைக்கும் என்பார்கள், இதுவரைக்கும் எந்தக் காலும் நமக்கு ஒன்றும் தந்ததில்லை, கேட்டதும் இல்லை. இன்றைக்குக் கேட்கிறேன். உன்னைவிடப் பெரியவள் நான், பரவாயில்லை, கேட்கிறேன். குடுத்துரு. இந்த ஒரு காலை மட்டும் குடுத்துரு. மனசு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது, விரல் மட்டும் அசையவில்லை.

டாக்டர் ரியாஸ் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஓ.டி. தொப்பியோடேயே வந்தார். குனிந்து டார்ச் அடித்துக் குழாயைப் பார்த்தார். "நிமித்தலையே?" "இல்ல சார். அப்பிடியே புடிச்சிட்டிருக்கேன்." "விட்றாதீங்க." கால் பக்கமாகக் குழாயைக் கிளிப் போட்டு அடைத்தார், பக்கத்துத் திருகில் சிரிஞ்சை மாட்டினார், இப்ப மெதுவா விடுங்க சிஸ்டர் என்றார். புஷ்பம் விரலை எடுத்தாள். எடுத்த பிறகும் விரல் இரண்டும் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிற மேனிக்கே நின்றது. அவர் சிரிஞ்சை இழுத்தார். முதலில் கறுப்பாக ஒரு நூல் வந்தது, பின்னாடியே சிவப்பாகத் தடையில்லாமல் குபுகுபு என்று ஏறியது. வெளிச்சத்தில் தூக்கிச் சாய்த்துப் பார்த்தார். திரும்பவும் ஒருதரம் இழுத்தார். "கட்டி இல்ல" என்றார். கால் பக்கத்திலும் அதே மாதிரி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளிப்பை எடுத்தார். குழாய் முழுக்கச் சிவப்பு ஓடியது. கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார், இன்னும் மெத்தென்றுதான் இருந்தது. சுபா டாப்ளரைத் திரும்பப் பெருக்கல் குறியில் வைத்தாள். கொரகொர. கொரகொர. எல்லாரும் அந்தச் சின்னப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்லவேளை, தூக்கம் போயே போய்விட்டது என்று சம்பந்தமே இல்லாமல் புஷ்பம் நினைத்தாள். அப்புறம் எங்கேயோ தூரத்தில் காற்றுக் கிளம்பியது. சன்னமாக, விட்டு விட்டு, பிறகு விடாமல், தேரிக்காட்டுக் காற்று. ரியாஸ் நிமிர்ந்து முதுகைத் தடவிக்கொண்டார். "இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்திருந்தா வேற கதை. ராத்திரி முழுக்கக் கெண்டைக்காலப் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்லுங்க, வீங்கலாம். எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க, கலரெல்லாம் ஒண்ணும் தெரியாதே இந்த மருதாணில?" "அவங்கம்மா சொன்னாங்க சார், கால் குளுந்துருச்சுன்னு." "அட, கெட்டிக்கார அம்மாவா இருக்காங்களே" என்றார் அவர், அவருக்கு ஓ.டி.யில் பாதி வேலை கிடந்தது, கிளம்பிவிட்டார். போர்வைதான் காரணம், அதுக்கு நான்தான் சரின்னேன் என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள். அவர் திரும்பி ஒருதரம் பார்த்துவிட்டு, "நாளைக்கு வந்து சொல்லுங்க, இப்ப உக்காருங்க முதல்ல" என்றார்.

அவள் உட்காரவில்லை. பாதத்தின் மேல் புறங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். சில்லிப்பு விடுகிறதா, இல்லை நம் கைச்சூடுதானா? கையை எடுத்து, இடது காலில் வைத்து, திரும்ப வலதில் வைத்து. கொஞ்சம். முதலில் கணுக்கால், அப்புறம் குதிகால், விரல்கள்தான் கடைசி. சாயங்கால வெயில் கண்ணாடியில் அடிக்க ஆரம்பித்தபோது கட்டைவிரலும் வெதுவெதுத்தது. அது போதும். மனசு அங்கேயே தொய்ந்து உட்கார்ந்துவிட்டது, உடம்பை யாராவது எடுத்துக்கொண்டு போய் வீட்டில் போட்டால் தேவலை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒச்சம்மா, டாக்டர் ஓடி வந்ததைப் பார்த்திருப்பாள்போல, பர்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என்ன தாயி, டாக்டரு வந்துட்டுப் போறாரு? எம்பிள்ள காலு குளுந்துதான இருக்கு?"

"இல்லம்மா. சூடாயிருச்சு."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று தெரிந்தது. ஒச்சம்மாவின் முகம் அப்படியே விழுந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ, காச்சல் திரும்பிருச்சா" என்று உட்காரப் போனாள். புஷ்பம் அவள் கையைப் பிடித்தாள். பேசி விளக்குகிற தெம்பு அவளிடம் இல்லை, வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் மாறிக் கிடக்கிற இந்தப் பேச்சை வைத்துக்கொண்டு என்னத்தை விளக்குவது. பார்வையாளர் நேரமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று அந்த அம்மாவை உள்ளே கூட்டிப்போய், கையைக் கழுவவைத்து, கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தி, அவள் உள்ளங்கையை எடுத்து மகளின் வலது பாதத்தின் மேல் வைத்தாள்.

"இந்தச் சூடு இருக்கணும்மா. இதுதான் ரத்தம். உடம்புக்குத்தான் சூடு ஆகாது, இந்தக் காலுக்குச் சூடுதான் உசுரு. குளுந்துச்சுன்னா ரத்தம் போகலைன்னு அர்த்தம். மத்தியானம் போர்வ செருகுனதுல இந்தக் குழா மடங்கிப்போச்சு. இப்ப சரி பண்ணியாச்சு."

ஒச்சம்மா குழாயைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். புரிந்துகொண்டு வருவது முகத்தில் தெரிந்தது, புரியாமலே போயிருக்கலாம் என்று புஷ்பத்துக்கு இருந்தது.

"அப்ப நான் சந்தோசப்பட்டேனே தாயி."

"நானும்தாம்மா தலையாட்டுனேன்."

ஒச்சம்மா ஒரு கையால் பாதத்தைப் பிடித்தபடியே, அழுதாளா என்றால் அழுதாள், சத்தம் இல்லாமல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை வேட்டி வந்து நின்றது, டாக்டர் வந்துபோன செய்தி கேட்டு மாமனார் திரும்ப வந்திருக்கிறார், தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். புஷ்பம் அவரைப் பார்த்தாள், மீனாவின் திறந்த காலைப் பார்த்தாள், கட்டில் கம்பியில் தொங்கின போர்வையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஒச்சம்மா போர்வையை உருவி எடுத்துவிட்டாள். எடுத்து, நாலாக மடித்து, தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"பாத்தா பாத்துட்டுப் போறாரு" என்றாள், பாதத்திலிருந்து கையை எடுக்காமலே.